பீடி தூரம்

பண்ணைக்காடு செக்‌ஷனில் எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வான்:
கீழ் டிரான்ஸ்பார்மரிலிருந்து பள்ளிக்கூடம்
ஒரு பீடி தூரம்.
மங்களம்கொம்பு ஏற்றம் மூன்று.
மழை பிடித்துக்கொண்டால் நாலு,
நாலாவது நமத்துப்போகும், கணக்கில் சேராது.

இருபத்திரண்டு வருஷம்
இந்த மலையை இப்படித்தான் அளந்து வைத்திருந்தேன்.

விட்டு ஐம்பத்தோரு நாள்.
எந்த ஊரும் இருந்த இடத்தில் இல்லை.
காப்பிச் செடிக்குள் நடக்கிறேன், நடக்கிறேன்,
பாதை முடியமாட்டேன் என்கிறது.
சில நாள்
யோசித்து முடிப்பதற்குள் எதிரே வந்து நிற்கிறது கம்பம்.
மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறேன், அதில் குறையில்லை.
இறங்கிய பிறகுதான் சிக்கல்.

இறங்குவது என்றால்
இடுப்புக் கயிறு அவிழ்ப்பது,
கையுறை கழற்றுவது,
கட்டிங் பிளேயரைப் பையில் போடுவது,
அப்புறம் ஒன்று.
அந்த ஒன்றுதான்
வேலை முடிந்தது என்று எனக்குச் சொல்லும்.
இப்போது சொல்ல ஆளில்லை.
அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன்,
மேலே எதையோ மறந்து வைத்தவன்போல.
முந்தாநாள் மறுபடி ஏறியே பார்த்துவிட்டேன்.
பீங்கான், கம்பி, ஒரு காய்ந்த குருவிக்கூடு.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

விரல்களுக்கு இன்னும் சேதி போகவில்லை.
சட்டைப்பையைத் தடவுகின்றன.
மகுடீஸ்வரி அதில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறாள்.
ஒன்றை எடுத்து
நகத்தில் இரண்டு தட்டு தட்டி
உதட்டில் வைத்து
காற்றுக்கு முதுகைத் திருப்பி நின்றேனாம்.
ஜக்கையன் சிரித்து சிரித்து
பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு இந்தக் காற்றில் பற்றவைக்கத் தெரியாது.
ஐந்து குச்சி, ஆறு குச்சி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை.
பொறுக்க முடியவில்லை, வாங்கினேன்.
பெட்டியை இரு உள்ளங்கைக்கும் நடுவே பொத்தி
சுண்டு விரலால் வாசலை அடைத்து
ஒரே குச்சி.
நெருப்பு உள்ளே நிமிர்ந்து நின்றது.
முகத்தில் சூடு பட்டது.
அவன் குனிந்தான், இழுத்தான்.
நான் கைகளை விரித்தேன்.
அவ்வளவுதான். அவ்வளவேதான்.

ஐப்பசி மழைக்கு அட்டை அதிகம்.
கணுக்காலுக்கு மேலே ஒன்று
ரத்தம் குடித்து நாவல்பழமாய்த் தொங்கியது.
பையில் உப்பு இருந்தது.
ஆனாலும் ஜக்கையனிடம்தான் காலை நீட்டினேன்.
அவன் சாம்பலைத் தட்டி
கங்கை மெல்ல வைத்தான்.
சுருண்டு விழுந்தது.
புகை என் முழங்காலைச் சுற்றி
இடுப்புக்கு வந்து
சட்டைப்பையைக் கடந்து மேலே ஏறியது.
காலை எடுக்காமல்,
"இன்னொன்னு இருக்குதா பாரு" என்றேன்.
பார்த்தான்.
"இல்லண்ணே."
"நல்லாப் பாரு."

அவனுக்குப் புரிந்துவிட்டது.
மூங்கில் புதருக்கு அந்தப்பக்கம் போய்
மிச்சத்தை முடித்துவிட்டு வந்தான்.
அதற்கு அவனைத் திட்டினேன்,
ஏன் என்று தெரியாமல்.

வீட்டில் வேறு பிரச்சினை.
மிளகுக்கொடி வளைவில் என் இருமல் கேட்டால்தான்
மகுடீஸ்வரி டீயை அடுப்பில் ஏற்றுவாள்.
இருமல் நின்று ஒரு மாசம் ஆகிறது.
திடீரென்று வாசலில் முளைக்கிறேன்,
கையிலிருக்கும் முறத்தைப் போட்டுவிட்டு
"களவாணி மாதிரி வாராரு பாரு" என்கிறாள்.
டீக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிஷம்
ஒரு நாளிலேயே கெட்ட பத்து நிமிஷம்.

நேற்று வளைவில் நின்றேன்.
மூடுபனி. ஆள் இல்லை.
தொண்டையைச் செருமி
மூன்று முறை இருமினேன்,
பழையபடி, கடைசியை இழுத்து.
தோட்டத்து நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தது.

வாசலை மிதிக்கும்போது டீ தயார்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
என் வாயருகே வந்து
ஒருமுறை மோந்து பார்த்தாள், ஏலக்காய்.
டம்ளரை நீட்டினாள்.

வாங்கினேன்.
வலது கையின் இரண்டு விரல் மட்டும்
டம்ளரைத் தொடாமல் விலகி நின்றன,
நடுவில்
கொஞ்சம் இடம் விட்டு.