சிவப்பு இறங்கக் கூடாது

ஆர்டர் ஷீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
நாய்க்கு மேல்சட்டை, நாலாயிரத்து எண்ணூறு உருப்படி,
ராயல் ஸ்டூவர்ட் கட்டம்.
கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடை சேரணும்.
கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு:
துவைத்தால் சிவப்பு இறங்கக் கூடாது.

சாம்பிளை வெட்டி வெள்ளைத் துண்டோடு தைத்து
சோப்புத் தண்ணீர் டப்பாவில் அடைத்துச்
சுழல விட்டேன்.
நாற்பத்தைந்து நிமிஷம்.
வேறு வேலை இல்லை.
செல்போனில் தேடினேன்,
யார் இந்த ஸ்டூவர்ட்?

பேரே உத்தியோகம்தானாம்.
அரண்மனைச் சமையல்கட்டும் சாவிக்கொத்தும் பார்த்தவன்.
நம் கரூர்ப் பக்கத்தில் சொன்னால் மணியகாரன்.
அந்த வழியில் ஒருத்தன் ராசா மகளைக் கட்டினான்,
பிறந்த மகன் முடி சூடினான்.
வேலை போனாலும் பேர் போகவில்லை,
வாங்கல் ரோட்டில் அரிசி மண்டிக்காரரை
இன்னமும் மணியகாரரே என்கிறோம் அல்லவா,
அப்படி.

வந்த ராசாக்களில்
கட்டிலில் கண்மூடினவர் குறைவு.
ஒருத்தன் ஆடும் பந்து உருண்டுபோகிறதென்று
சாக்கடை வாயைக் கல்வைத்து அடைக்கச் சொன்னான்.
மூன்றே நாளில் கொலைகாரர்கள் வந்தார்கள்.
தப்பிக்க அதற்குள்தான் இறங்கினான்,
தான் வைத்த கல்லிலேயே முட்டினான்.

சாய மாஸ்டர் அங்கமுத்து அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.
"நம்மூர்ல சாயப்பட்டறை வெச்சிருந்தா
அடைச்சிருப்பானுங்களா?
ராத்திரியோட ராத்திரியா தொறந்தல்ல உட்டிருப்பான்."
சிரித்தோம்.
அமராவதிக்குக் காது கேட்டிருக்காது.

பிறந்து ஆறாம் நாள் ராணியானாள் ஒருத்தி.
தொப்புள்கொடி உதிர்ந்திருக்குமோ என்னவோ.
நாற்பத்துநாலு வயசில்
கறுப்பு அங்கி களைந்து, உள்ளே செக்கச் சிவந்த பாவாடையோடு
கட்டைமேல் கழுத்தை வைத்தாள்.
தலையைத் தூக்கிக் காட்டியவன் கையில்
சவுரி மட்டும் மிஞ்சியது,
நரைத்த தலை உருண்டுபோனது.
அப்போது பாவாடை அசைந்ததாம்.
நாய்.
சின்ன நாய்.
தோளுக்கும் தலை இருந்த இடத்துக்கும் நடுவில் போய்ப் படுத்து
வரமாட்டேன் என்றது.
பிறகு அதைக் குளிப்பாட்டினார்கள்
என்று எழுதியிருக்கிறது.
யார் குளிப்பாட்டினார்,
எத்தனை வாளி,
தண்ணீர் எப்போது தெளிந்தது,
எழுதவில்லை.

மிஷினில் இன்னும் பதினேழு நிமிஷம்.

அப்புறம் நாடு போனது.
திரும்பக் கேட்டு வந்த பேரன்
ஒரு மணி நேரச் சண்டையில் எல்லாம் தோற்று
வேலைக்காரி வேஷத்தில் படகேறினான்.
பின்னால் நின்ற மலைக்காரர்கள்மேல் சட்டம் பாய்ந்தது:
கட்டம் போட்ட துணி உடுத்தினால் ஆறு மாசம் ஜெயில்,
மறுபடி உடுத்தினால்
ஏழு வருஷம் கடலுக்கு அப்பால்.
பயம் தீர்ந்தபின் ஆசை வந்தது போல.
துரத்திய வீட்டு ராசாவே ஒருநாள்
இதே சிவப்புக் கட்டம் உடுத்தி
அவர்கள் ஊருக்குள் வந்தான்.
அதிலிருந்து இது
மேஜை விரிப்பு, பிஸ்கட் டப்பா, பைஜாமா,
இப்போது நாய்ச் சட்டை.

எங்களுக்கும் ராசாக்கள் இருந்தார்கள்.
வில் பொறித்த காசு
ஆற்று மணலைச் சலித்தால் கிடைக்கும்.
அதை யாரும் இன்னும்
துணியில் நெய்யக் கேட்கவில்லை.

பதினாலாம் தறியில் ஜலந்தர்.
ஒடிசாவிலிருந்து வந்து நாலு மாசம்.
இந்தக் கட்டம் உடுத்தினால் ஜெயில் என்று
காதருகே கத்திச் சொன்னேன்.
தறிச் சத்தத்தில் என்ன விழுந்ததோ,
பயந்துபோய்
அறுந்த இழை ஒன்றை எடுத்துக் காட்டினான்.

மிஷின் நின்றது.
வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன்.
வெள்ளைத் துண்டில் லேசாக ரோஸ்.
நாலு வேணும். மூன்றரைதான்.
மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
"நாலுன்னு போடும்மா, நாய்க்குத்தானே" என்றார்.

மூன்றரை என்றே எழுதினேன்.
அந்த வாரம் யாரும் என்னோடு டீ குடிக்கவில்லை.

ஒதுக்கிய ரோலில் ஒரு முழம்
கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.
ஐப்பசி மழை.
அதன்மேல் சுருண்டிருந்த செவலை
காலையில் எழுந்து உதறியது.
அதன் வெள்ளை வயிற்றில்
கட்டம் இல்லை,
சிவப்பு மட்டும்.