இரண்டு கிழமைக்கு

பழைய ரியூப்பில் வெட்டிய வார்
ஹாண்டிலின் நடுவில் போனை இறுக்கிப் பிடித்திருக்கிறது.
கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல்.
நீலக் கோடு எந்தத் தெருவில் போனாலும்
அந்தக் கீறலையும் ஒரு தெருவாக எண்ணி
ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

கிருலப்பனையில் ஏறி உட்கார்ந்ததும்
அவள் பேசத் தொடங்குவாள்.
எந்த ஊர்க்காரியோ,
பம்பலப்பிட்டியைச் சொல்ல
இரண்டு தரம் மூச்செடுப்பவள்.
என்றாலும் கிட்டிய பாதை எதுவென்று தெரிந்தவள்.
பாமன்கடை தாண்டி
காலி வீதியில் கால் ஊன்றி நிற்கையில்
நேராகச் செல்க என்பாள்.
நான் நேராகப் போவதில்லை.
இடதுக்கு வெட்டி, மூன்று ஒழுங்கை தள்ளி
கடலுக்கு இறங்கி,
தள்ளிய தூரத்தை மரைன் டிரைவில்
எதிர்காற்றோடு திருப்பி உழக்குவேன்.

நான்கு நிமிடம் மிச்சமாகும் பாதை உள்ளது.
ஏற்கிறீர்களா?

வேண்டாம்.
போகும்போதும் வேண்டாம், வரும்போதும் வேண்டாம்.

அந்த ஒழுங்கையில் இல்ஹாம் இருக்கிறான்.
பெற்றோல் வரிசையில் ஆட்கள்
வாகனத்துக்குள்ளேயே படுத்தெழும்பிய அந்த வருடம்
"ரெண்டு கிழமைக்கு மச்சான்" என்று
இரவல் வாங்கிய சைக்கிள் இது.

தேத்தண்ணி ஆறும்வரை கணக்குப் பார்ப்பேன்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர்.
எரித்த கலோரி, சராசரி வேகம்,
கொழும்பில் ஏது ஏற்றம், அதற்கும் ஒரு எண்.
எல்லாம் என் பேரில்.
உங்கள் சைக்கிளுக்குப் பெயரிடுக என்ற கட்டம் மட்டும்
முதல் நாளிலிருந்து வெறுமை.

போன செவ்வாய் பின்னேரம்
கடல் பக்கத்திலிருந்து வந்தது மழை.
போனுக்கு மாட்டும் ஷொப்பிங் பை
அலுவலக லாச்சியில்.
துளிகள் கண்ணாடியைத் தட்டத் தொடங்கின.
வரைபடம் பெருத்தது, சிறுத்தது,
எங்கள் கணக்காளர் டிலானிக்கு
ஓர் அழைப்புப் போய் அறுந்தது.
பிறகு அந்தக் கேள்வி வந்தது.
என் விரல் போய்ச் சேருமுன்
ஒரு துளி ஆம் என்றது.

மாற்றியிருக்கலாம்.
ஈரவிரலை அது மதிக்கவில்லை என்று
வைத்துக்கொள்வோம்.

கேற்றடியில் தகரத்தின் கீழ் நின்றிருந்தான்,
பாண் பார்சலைச் சாரத்துக்குள் மறைத்தபடி.
என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தான்.
"பிறேக் கட்டை மாத்தினியா?"
"மாத்தினன்."
"சில்லு?"
"முன்னுக்கு மட்டும்."
பெல்லை ஒருதரம் அடித்துப் பார்த்தான்.
பாணை என் கையில் தந்தான்.
ஏறிப் போய்விட்டான்,
மழைக்குள், என் போனோடு.

பாணின் சூடு கையில் ஏற நின்றேன்.
மணி தெரியாது.
எவ்வளவு தூரம் போயிருப்பான் தெரியாது.
அவன் மகள் துவாயோடு வந்து
"வாப்பா எங்க?" என்றாள்.
"மழைக்குள்ள" என்றேன்.
அது போதுமான பதில் என்பதுபோல
துவாயை எனக்குத் தந்துவிட்டுப் போனாள்.

சட்டை முதுகில் ஒட்டத் திரும்பி வந்தான்.
"செயின் தளருது" என்றான் மூச்சிரைக்க.
"ஞாயிறு கொண்டா, பாப்பம்."
திருத்தவா, திருப்பித் தரவா என்று
நான் கேட்கவில்லை.

இரவு, கட்டிலில், போன் வாழ்த்தியது.
அதிகூடிய வேகம் முப்பத்தாறு தசம் எட்டு.
இதுவரை உங்கள் மிகச் சிறந்த பயணம்.
மஞ்சளாய் ஒரு கிண்ணம்.
வரைபடத்தில் அந்த ஒழுங்கைக்குள்
முதன்முதலாய் ஒரு கோடு,
கேற்றடியில் சிக்கெடுக்காத நூல்போலச் சுருண்டு,
பிறகு கடல்வரை ஒரே இழுப்பில் போய்
அதே இழுப்பில் திரும்பி.

அழிக்கவா என்று கேட்டது. விட்டுவிட்டேன்.
பெயருக்கான கட்டத்தைத் திறந்து
இ என்று தட்டினேன்.
இன்று, இல்லை, இரவு
என்று மூன்று சொல்லை நீட்டியது போன்.
மிச்ச எழுத்துகளை
நானே தேடித் தட்டவேண்டியிருந்தது.