கட்டம் சரியில்லை

சைன்ஷாந்த் நகரப் பதிவு அலுவலகம்.
மாலை ஐந்தரை, வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
கெரெல்மா மறுபடி அச்சிடுகிறாள்,
மறுபடி அதே.
பிறந்த தேதி இருக்கிறது. எடை இருக்கிறது.
சிரிலிக் வரியில் பெயர்கூட ஒழுங்காக இருக்கிறது.
பழைய எழுத்து மேலிருந்து கீழே இறங்கவேண்டிய இடத்தில்
நான்கு கட்டம், ஓர் இடைவெளி, நான்கு கட்டம்:
சரக்கு இறக்கிய கூட்ஸ் பெட்டிகள்.

'நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது.'
'எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்'
என்கிறான் தொமொர்ஹுயாக்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி.
இரவில் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
யாரையும் கேட்கவில்லை.
புது வீட்டுக்குப் போகிறவர்கள்
எதையாவது விட்டுவிட்டுத்தானே போகிறார்கள்.

பெஞ்சில் ஒரு லாரி டிரைவர்,
ஷினெபாயர்.
ஒன்பது மணிக்கு எல்லைக்கு வண்டி எடுக்கவேண்டும்.
கைபேசியில் பதினோரு நாள் மகன்,
மூடிய கண்களும் ஒரு கொட்டாவியும்.

பெண்டிரைவிலிருந்து எழுத்துருவை ஏற்றினான்.
கட்டங்கள் போயின.
எழுத்துகள் வந்தன, ஆனால் படுத்துக்கொண்டு.
ஒன்றோடொன்று பேசாமல்,
ஒவ்வொன்றும் தனித்தனியாக,
விபத்து நடந்த இடம்போல.
இந்த எழுத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று உருவம்:
சொல்லின் தலையில் ஒன்று, இடையில் ஒன்று, கடையில் ஒன்று.
இப்போது தலையெழுத்துக்குத்
தான் தலை என்பதே தெரியவில்லை.

'விட்டுவிடுங்களேன்' என்றான் டிரைவர்.
'எதை?'
'முதலில் வந்ததே, அந்தக் கட்டம். அதுவே இருக்கட்டும்.'

ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

'இவனுக்கு முன்னால் இரண்டு. தங்கவில்லை.
தேடி வருவது எதுவோ,
அதற்குப் படிக்கத் தெரியக்கூடாது.'
'சிரிலிக்கில் இருக்கிறதே?'
'அது பழைய காலத்து ஆள்' என்றான்.
'சிரிலிக் தெரியாது.'

கெரெல்மா சிரித்துவிட்டாள்.
பிறகு சிரித்ததற்காக
அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், உப்புப் போட்டு.
'எட்டுக் கட்டத்துக்கு நான் முத்திரை குத்த முடியாது, தம்பி.'

தொமொர்ஹுயாக்
அடைசலுக்குள் தலையை விட்டவன்போல
கோப்புகளுக்குள் போயிருந்தான்.
கண்டுபிடித்துவிட்டான்:
ஒரே பெயரில் இரண்டு எழுத்துரு.
ஒன்று இவன் இன்று கொண்டுவந்தது,
மற்றது, வேலையை விட்டுப்போன யாரோ
என்றைக்கோ போட்டுவைத்தது.
கூப்பிட்டால் இரண்டும் வந்து நிற்கின்றன,
கணினி மூத்ததைத்தான் உள்ளே விடுகிறது.
பழையதை அழித்தான்.
நினைவில் ஒட்டியிருந்த அதன் நிழலையும் அழித்தான்.
அணைத்து, மனதுக்குள் பத்து எண்ணி
(ஏழிலேயே பொறுமை போய்)
ஏற்றினான்.

திரை வெளுத்தது.
ஒரு முதுகெலும்பு இறங்கியது.
அதன் உச்சியில் ஒரு பல், பல்லின் இடப்பக்கம் புள்ளி,
வளைவு, இன்னொரு பல்,
கடைசியில் வீசி முடித்த வால்.

அச்சுப்பொறி இருமிக் கொடுத்த தாளை
டிரைவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.
அவன் பள்ளியில் இந்தப் பாடத்தை
யாரும் சிரத்தையாக நடத்தவில்லை.
'என்ன போட்டிருக்கிறது?'
'நீங்கள் சொன்னதுதான். நெர்குய்.'

நெர்குய் என்றால் பெயரில்லை.
இரண்டரை மணி நேரம்,
ஒரு பெண்டிரைவ், மூன்று மறுதொடக்கம்,
'பெயரில்லை' என்று பிழையில்லாமல் எழுத.

கையெழுத்துப் போட்டான்.
சான்றிதழை உறையில் வைத்துக்கொண்டு
கதவுவரை போனவன் திரும்பி,
குப்பைக்கூடையைக் காட்டி,
'அதை எடுத்துக்கொள்ளலாமா?'

கட்டம் விழுந்த தாள் ஆறு இருந்தன.
கசங்காத ஒன்றைத் தேடி எடுத்து
கெரெல்மா மேசை விளிம்பில் நீவிக் கொடுத்தாள்.

முத்திரை குத்தவில்லை.
ஆனால் தேதி போட்டாள்.