நுரையின் உயரம்

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு.
அராலியில் விசிறி சுற்றாத வகுப்பறை.
மேசையில் பதினேழு போத்தல்கள்:
சோடாப் போத்தல், சர்பத் போத்தல்,
லேபிள் உரிபடாத இருமல் பாணிப் போத்தல் ஒன்று.
ஒவ்வொன்றுக்குள்ளும் அவரவர் வீட்டுக் கிணறு.

நான் ரீச்சர் இல்லை.
வளாகத்தில் இரசாயனம், மூன்றாம் வருடம்.
துளிசொட்டிகளையும் அடிமட்டங்களையும்
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறவள்.
முதல் நாளே பலகையில் எழுதிவிட்டேன்:
எதையும் வாயில் வைக்கக் கூடாது.

சவுக்காரக் கரைசல் பத்துச் சொட்டு.
முப்பது தரம் குலுக்கு.
நுரையை அள.
"மிஸ், சரியான விடை எத்தினை?"
புலமைப்பரிசில் பிள்ளைகள்.
தந்த விடைகளில் ஒன்றின் கீழ்
கோடு இழுத்தே தேய்ந்த பென்சில்கள்.
"விடை போத்தலுக்குள்ள இருக்கு" என்றேன்.
ஒருத்தி போத்தலைத் தூக்கி
அடிப்பக்கம் பார்த்தாள்.

கபிஸ்னாவின் கிணறு நாலு சென்ரிமீற்றர்.
யதுர்ஷனுடையது இரண்டரை.
இல்லை, இரண்டு தசம் ஆறு என்று சண்டை.
தரவைப் பக்கம் போகப் போக நுரை இறங்கியது,
நான் பஸ்ஸில் நினைத்து வந்த மாதிரியே.

டிலோஜனின் வீடு தரவையோடு ஒட்டினது.
மாரியில் தண்ணீர் வேலிவரை வரும்.
அவன் போத்தல் நுரைத்து
மூடியைத் தள்ளியது.
ஏழு!

வரைபில் அந்தப் புள்ளி மட்டும்
கூட்டத்தை விட்ட கொக்காய்த் தனியே நின்றது.
"இது ஏன் இப்பிடி?" என்று கேட்டேன்,
புதிதாய் ஏதோ அகப்பட்ட சந்தோசத்தில்.
அவன் தன் சட்டைப் பொத்தானுக்குச் சொன்னான்:
"கோயில் கிணத்துத் தண்ணி, மிஸ்.
எங்கட தண்ணி சவர்."

போன கிழமை,
பரீட்சித்துக் காட்ட நான் கொண்டுவந்த மழைத்தண்ணீர்
பொங்கி வழிந்தபோது
முதலில் தட்டியது என் கை.
அன்றைக்கே பதினேழு கிணறும்
பந்தயக் கோட்டில் வந்து நின்றிருக்க வேண்டும்.
அது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளி அவன் கொண்டுவந்தது சொந்தத் தண்ணீர்.
முப்பது தரம் குலுக்கினான். நம்பாமல் இன்னும் பத்து.
நுரையில்லை.
திரைந்த பால் மாதிரி ஒரு வெள்ளை மட்டும்.
"பூச்சியம் எண்டு எழுதினா ஃபெயிலா, மிஸ்?"
"எழுது" என்றேன். குரல் சரியாக வரவில்லை.
மிச்சத்தை ஒரு தட்டில் ஊற்றி
யன்னலில் வைத்தோம், வெயில் பார்க்கட்டும் என்று.

ஏழு நாள்.
தட்டின் அடியில் ஒரு வெள்ளை வளையம்.
எல்லாரும் தலையை நீட்ட,
நான் வாயைத் திறப்பதற்குள்
டிலோஜன் விரலால் தொட்டு நக்கிவிட்டான்.
முகம் கோணியது. பிறகு சிரித்தான்.
"உப்பு!"

கொப்பியில் எழுதினான்,
யாரையும் கேட்காமல்.
எழுதிவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.
"நீங்களும் பாருங்கோ, மிஸ்."

பலகையைப் பார்த்தேன்.
விதி என்னுடைய கையெழுத்தில்தான் இருந்தது.