தாமாக முன்வந்து

தொண்ணூறு நாள் என்றது சட்டம்.
எண்பத்தோராம் நாள் சாயங்காலம்
அவறாச்சன் முதலாளி
என் மேசையில் ஒரு படிவத்தை வைத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
"நாமளே திருத்திக் கொடுத்திட்டா
அபராதம் இல்லையாம், காதரே."

நாமளே.
பன்னிரண்டு வருஷத்தில்
அந்தச் சொல்லுக்குள் என்னையும் சேர்த்தது
அன்றைக்குத்தான்.

கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோர்.
உலர்த்தும் அறையின் சூடு சுவர் வழியே வருகிறது.
மூன்று வருஷப் பேரேடு,
எட்டு அழுந்தாத கால்குலேட்டர்.

நாலரைக்கு வேலை முடிந்தது என்று
என் கையெழுத்துதான் சொல்கிறது.
நாலரைக்குத்தான்
சாக்கைத் தூக்கி வரிசையில் வந்து நிற்பார்கள்.
ஒரே தராசு. நாற்பத்திரண்டு சாக்கு.
மழையென்றால் தார்ப்பாய்க்கு அடியில்,
மருந்தடித்த நாளென்றால்
டேங்க்கைக் கழுவிக் கவிழ்த்த பிறகு.
ஐந்தேகாலுக்குக் குறைந்து
ஒருநாளும் ஜீப் இறங்கியதில்லை.
அந்த முக்கால் மணி
எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஒச்சம்மாள்: அறுநூற்றுப் பன்னிரண்டு நாள்.
நானூற்று ஐம்பத்தொன்பது மணி.
இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

விருமாயிக்கு இரண்டு வருஷம்,
பிறகு வெற்றுக் கட்டங்கள்.
வாரிசுச் சான்று இணைக்க, என்கிறது படிவம்.
சுப்பு, அதற்குக் கீழே சுப்பு-2.
இரண்டாவது சுப்பு யார்?
பச்சை நூலில் தைத்த சாக்கு ஞாபகம் வருகிறது,
முகம் வரவில்லை.

கடைசிப் பத்தி: "நிர்வாகம் தாமாக முன்வந்து…"
தானாக வெடித்த காயை
தரம் பிரிக்கையில் தனியே தள்ளுவோம்.
அதற்கு விலை குறைவு.
எழுதினேன். முத்திரை குத்தினேன்.

பட்டியலில் என் பெயர் வராது.
மாதச் சம்பளக்காரன்.
நாலரை என்று எழுதியதற்கும்
அந்தச் சம்பளத்தில்தான் கூலி.

ஞாயிற்றுக்கிழமை பட்டுவாடா.
மலையேறி எல்லோரும் வந்திருந்தார்கள்.
பவுன்தாய் கையெழுத்துப் போடப் பழகியிருந்தாள்;
நேரமெடுத்துப் போட்டாள்.
முதலாளி ஒவ்வொருவருக்கும் கும்பிடு வைத்தார்,
அதை ஒரு பையன் போட்டோ எடுத்தான்.

ஒச்சம்மாள் எச்சில் தொட்டு எண்ணினாள்.
நூறு நூறாய், நடுவில் விட்டு, மறுபடி முதலிலிருந்து.
"இது எதுக்குண்ணே?"
"எடை போட நின்னீங்கள்ல, அந்த நேரத்துக்கு."
"நின்னதுக்குமா?"
"நின்னதுக்கும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
"ஒம்பதுக்கு வரச் சொன்னீக.
இப்ப பதினொன்னே முக்கா.
இதை எந்தத் தாள்ல எழுதுவீக?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.
முதலாளிக்குத் தமிழ் தெரியும்;
செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு
வெளியே போனார்.

ஆரன் சத்தம்.
பணத்தை மடியில் செருகிக்கொண்டு
அவள் ஜீப்பின் பின்படியில் ஏறினாள்.

பேரேட்டில் ஞாயிற்றுக்குக் கட்டமே கிடையாது.
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.