எல்லை: தமிழ்நாடு மட்டும்

போனில் பேசியவன் என் பேரைக் கேட்கவில்லை.
"சொந்தத் துப்பாக்கி இருக்கா" என்றான்.
"லைசென்ஸ் உயிரோட இருக்கா" என்றான்.
அப்புறம்தான் வயசு.
ஐம்பத்துமூணு என்றதும் கொஞ்சம் இழுத்தான்.
துப்பாக்கியின் வயசைக் கேட்டிருந்தால்
அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

குத்தாலம் கடைத்தெரு வங்கி வாசலில்
பதினோரு வருஷம் நின்றேன்,
தோளில் இரட்டைக்குழல்.
நகைக்கடன் வரிசையில் நிற்கும் பிள்ளைகள்
தொட்டுப் பார்க்கட்டுமா என்பார்கள்.
கூடாது என்பதே என் உத்தியோகம்.
பட்டாளத்தில் சுட்டதோடு சரி.
இப்போது என் இடத்தில் ஒரு கேமரா.
அது கால் மாற்றி நிற்காது,
மூத்திரத்துக்கு இடம் கேட்காது.

ஆக, மாநிலம் பார்க்கிறேன்,
பெண்ணைக் கட்டிக்கொடுக்க வீடு பார்க்கிற மாதிரி.
பெங்களூரில் நகைக்கடை. இருபத்திரண்டாயிரம்,
படுக்க மாடிப்படிக்குக் கீழே.
கொச்சியில் பணம் ஏற்றும் வண்டி.
அந்த ஊர் மழைக்குக் குழலில் துரு நுழைந்தால்
வழிக்க வழிக்க வரும்.
நெல்லூரில் இறால் பண்ணை.
இறாலை யாருங்க திருடுவான் என்றேன்.
"வந்து பாருங்க" என்றான்.
குடகில் காப்பித் தோட்டம்.
அங்கே சில வீடுகளுக்கு லைசென்ஸே வேண்டாமாம்,
வருஷத்தில் ஒரு நாள்
பூ வைத்துக் கும்பிடுவார்களாம்.
கேட்டதும் பொறாமை வந்தது.
டீ ஆறுவதற்குள் பயமும் வந்தது:
எல்லார் வீட்டிலும் இருக்கிற ஊரில்
என்னை எதற்குக் கூலிக்கு வைப்பான்?

காரைக்காலுக்கே போயிடலாமே என்கிறாள் செங்கமலம்.
நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் வேறு அரசு,
பெட்ரோல் மலிவு, பாட்டிலும் மலிவு,
தீபாவளிக்கு இரண்டு பஸ் மாறி ஊர் வந்துவிடலாம்.
நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.
'செல்லுபடியாகும் எல்லை: தமிழ்நாடு மட்டும்.'
பாலத்தின் இந்த முனையில் இது பிழைப்பு.
அந்த முனையில் ஜாமீன் இல்லாத வழக்கு.
நடுவில் கொஞ்சம் தண்ணீர்,
அதுவும் உப்பு.

"காவேரி யாரைக் கேட்டுக்கிட்டு வருது?" என்றாள்.
அதுக்கும் தாள் உண்டு என்றேன்.
இந்த மாசத்துக்கு இத்தனை டி.எம்.சி.,
தீர்ப்பு, மேல்முறையீடு, ஆணையம்,
அத்தனை முத்திரை குத்தியும் வராத வருஷம் உண்டு.
அவள் சிரிக்கவில்லை.
அப்படி ஒரு வருஷத்தில்தான்
அவள் தம்பிக்குக் குறுவை போனது,
பின்னாலேயே டிராக்டரும்.

மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகத்தில்
'எல்லை மாற்றக் காரணம்' எழுத
ஒன்றரை வரி விட்டிருந்தார்கள்.
வயிறு என்று எழுதினேன்.
எழுத்தர் பெண் அதை அடித்துவிட்டு
'பணி நிமித்தம்' என்று போட்டாள்.
எந்த மாநிலம் என்ற கட்டத்தைப்
பென்சிலால் சுழித்துத் திருப்பித் தந்தாள்.

இதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள்.
வழக்கம்போல் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்,
தோட்டாவை எண்ணிக் காட்டி
ரசீது வாங்கினேன்.
பீரோவில் அது படுத்திருந்த இடத்தில்
செங்கமலம் தலையணை உறைகளை அடுக்கினாள்.
ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படி ஒரு மாசம்
கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோம்.
வாய்க்காலில் தவளை கத்துவது
அந்த மாசம்தான் காதில் விழுகிறது.

நேற்று ராத்திரி மறுபடி போன்.
"எந்த ஸ்டேட்டுன்னு முடிவு பண்ணீங்களா?"
ஓட்டு எண்ணி முடியட்டும் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை, வைத்துவிட்டான்.

இருட்டில் செங்கமலம் கேட்டாள்:
"அது இல்லேன்னா
உங்களை எந்த ஊருக்குள்ளயும் விடுவாங்கல்ல?"

விடுவாங்க என்றேன்.
கூப்பிட மாட்டாங்க.