கேள்வி எண் பதினேழு

லிஃப்ட் பழுது. படியேறுகிறேன்.
ரோட்டர்டாமில் மழை நாலாவது நாளாக.
கையில் மாநகராட்சிப் படிவம்,
ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள்.
பதினேழாவது இப்படி:
தாய் வேலைக்குப் போனால்
கைக்குழந்தைக்குக் கெடுதல்.
ஏற்கிறீர்களா?

நான்காம் மாடியில் குல்செரன்.
"முழுக்க ஏற்கிறேன், பெண்ணுக்கு வீடுதான்" என்றாள்,
ஒற்றைக் காலில் நின்று
ஷூ நாடாவை இறுக்கியபடி.
விமான நிலையக் கழிவறைகள், இரவு ஷிஃப்ட்.
உள்ளே அவள் கணவன்
பால்புட்டியைக் கவிழ்த்துப்
புறங்கையில் சூடு பார்த்தான்.
முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.
ஷூவுக்குக் கட்டம் இல்லை.

ஆறாம் மாடி, ஃப்ரீஸ்லாந்துக்காரி செட்ஸ்கே.
"எந்த நூற்றாண்டில் இருக்கிறீர்கள்!
அடியோடு மறுக்கிறேன்."
வாரத்தில் இரண்டு நாள் வேலை.
மற்ற நாட்கள்?
"அது என் விருப்பம்."
அவள் தோழிகள் எல்லாருக்கும்
தற்செயலாக அதே விருப்பம்,
அதே புதன்கிழமை,
அதே பள்ளி வாசல்.

ஒன்பதில் ஜுல்மிரா. கேப் வெர்டே.
மூன்று முறை வாசித்துக் காட்டினேன்.
"போகாவிட்டால் குழந்தை எதைத் தின்னும்?"
அது பதில் இல்லையே, அம்மா.
"இது கேள்வியும் இல்லையே."
அவள் தீவில் ஆண்கள் கப்பலேறிப் போனார்கள்;
சாலைக்குக் கல் சுமந்தவர்கள்
வயிற்றிலும் ஒன்றைச் சுமந்தார்கள்.
ஐந்து கட்டத்தையும் வெறுமையாக விட்டேன்.
மேற்பார்வையாளர் திட்டுவார்.

நான் லுக்ரேஷியா, பரமாரிபோவில் பிறந்தவள்.
எங்கள் வீட்டில்
வேலைக்குப் போகிறவளுக்குத் தனிப் பெயர் கிடையாது,
அம்மா என்போம்.
கரும்புத் தோட்டத்தில் எங்களை நிறுத்தியபோது
யாரும் படிவம் நீட்டவில்லை.
எங்கள் பெண்கள் எவன் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று
நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள்தான்.
அந்தப் பெருமைதான்
முழங்கால் வலியை டாக்டரிடம் சொல்ல விடாமல்
இரண்டு வருடமாக வாயைப் பொத்துகிறது.

நாளை அட்டவணை போடுவார்கள்,
குறுக்கே இனம், நெடுக்கே மனப்பான்மை.
துருக்கியப் பெண்கள் இப்படி,
டச்சுப் பெண்கள் அப்படி.
பொய் என்று சொல்லமாட்டேன்.
குல்செரன் உண்மையாகத்தான் சொன்னாள்.
ஷூவும் உண்மை.

கீழே டிராம் நிறுத்தத்தில்
எனக்கென்று மீந்த படிவத்தைப் பிரித்தேன்.
பெயர். வயது. பூர்வீகம்.
பதினேழில் பேனாவை வைக்கும்போது
மகன் அழைத்தான், பத்தொன்பது வயது:
"அரிசிக்கு எத்தனை கப் தண்ணீர்?"

சொன்னேன்.
நேற்றும் சொன்னேன்.